வாசகர் கேள்வி–பதில்: வானொலிப் பதிவுகளுக்குத் தானாகப் பெயர் வைப்பது எப்படி?

சென்ற இதழில் கைபேசியில் வானொலி கேட்பதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேறொன்றைக் கேட்கின்றன: “பதிவு செய்து குவித்துவிட்டோம், எது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, என்ன செய்வது?” ஆகவே இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகளுக்கே. நானும் ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்கிறவள். உழவர் நிகழ்ச்சி, நாட்டுப்புறப் பாடல், பக்கத்து ஊர்க் கலைஞர்களின் நாதஸ்வரம் இவைதான் என் சேமிப்பு. இவற்றில் பலவற்றை வேறு யாரும் பதிந்து வைத்திருக்க மாட்டார்கள் என்று தெரிந்தே பாதுகாக்கிறேன். அதனால் பதில்கள் சில இடங்களில் நீளும்.

அம்மா, என் மாமனார் பென்டிரைவ் செருகும் ரேடியோவில் திருநெல்வேலி வானொலியைத் தினமும் பதிவு செய்கிறார். ஆர்இசி0001, ஆர்இசி0002 என்றே பெயர் விழுகிறது. இரண்டாயிரத்துக்கும் மேல் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் மாற்ற முடியாது. தானாக மாற வழி உண்டா?
– வாசகி, சங்கரன்கோவில்

உண்டு. அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பதிவைப் பற்றிக் கம்ப்யூட்டருக்கு உறுதியாகத் தெரிவது, அது எப்போது முடிந்தது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற இரண்டுதான். எந்த நிலையம் என்பதை நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம். உள்ளே ஒலிப்பது நாடகமா, நேயர் விருப்பமா என்பதை நிகழ்ச்சி நிரலைப் பார்த்து அது ஊகிக்கத்தான் முடியும். எனவே உறுதியானது பெயரின் முன்பாதியில் வரட்டும், ஊகித்தது பின்பாதியில் வரட்டும். என் கோப்புகள் இப்படி இருக்கும்:

2023-11-14_1830_திருநெல்வேலி_மாநிலச்செய்தி

ஆண்டு, மாதம், நாள், அதன்பின் 24 மணிக் கணக்கில் நேரம், பிறகு நிலையம், கடைசியில் நிகழ்ச்சி. நாள்-மாதம்-ஆண்டு என்று நாம் பேச்சில் சொல்லும் வரிசையில் எழுதினால் எல்லா மாதத்து 1ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். ஆண்டு முன்னால் நின்றால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். நேரத்தில் 18:30 என்று புள்ளிகள் போட வேண்டாம். விண்டோஸ் அந்தக் குறியைக் கோப்புப் பெயரில் அனுமதிக்காது.

தொடங்கிய நேரத்தை எங்கிருந்து எடுப்பது? ரேடியோ ஒரு கோப்பை எழுதி முடிக்கும் கணம்தான் அதன் ‘மாடிஃபைடு’ (கடைசியாக மாற்றிய) நேரமாகப் பதிவாகிறது. அதிலிருந்து பதிவின் நீளத்தைக் கழித்தால் தொடக்கம் வந்துவிடும். 19:02க்கு முடிந்த 31 நிமிடப் பதிவு 18:31க்குத் தொடங்கியது. நள்ளிரவைத் தாண்டிய பதிவுக்கும் இந்தக் கழித்தல் சரியான தேதியையே தரும். ‘கிரியேட்டட்’ (உருவாக்கிய நாள்) என்று இன்னொரு தேதி தெரியும். அதை நம்பாதீர்கள், பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டருக்கு நகலெடுத்த நாளை அது காட்டும். வாட்ஸ்அப் வழியாக வந்த கோப்பிலோ பழைய தேதி எதுவுமே மிஞ்சாது. ஆகவே பென்டிரைவை நேரடியாகக் கம்ப்யூட்டரில் செருகி நகலெடுங்கள்.

பெயர் மாற்றும் முன் கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். எல்லாம் 1980 ஜனவரி 1 என்றோ, அதுபோல ஒரு பொருந்தாத ஆண்டாகவோ காட்டினால், ரேடியோவின் கடிகாரத்தை யாரும் சரிசெய்து வைக்கவில்லை என்று பொருள். (பென்டிரைவ்கள் பயன்படுத்தும் பழைய ஃபேட் என்ற சேமிப்பு முறையில் காலமே 1980இல்தான் தொடங்குகிறது.) அப்போதும் கலங்க வேண்டாம். 0001, 0002 என்ற வரிசை உண்மையானதுதான். ஏதாவது ஒரு கோப்பின் சரியான நாளையும் நேரத்தையும் கண்டுபிடித்துவிட்டால், கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். தேதிகள் கோப்புக்குக் கோப்பு நகர்ந்திருந்தால் அந்த வித்தியாசத்தை மற்றக் கோப்புகளுக்கும் கூட்டிக்கொள்ளலாம். எல்லாம் ஒரே தேதியிலேயே நின்றால் கடிகாரம் ஓடவே இல்லை, வரிசையை மட்டும்தான் நம்ப முடியும். பேட்டரியைக் கழற்றியிருந்தால் அந்த இடத்திலிருந்து கடிகாரம் மறுபடி பிசகியிருக்கும், அங்கே இன்னொரு கோப்பைப் பிடிக்க வேண்டும்.

அந்த ஒரு நாளைக் கண்டுபிடிக்க அதிகாலைப் பதிவுகளைக் கேளுங்கள். ஒலிபரப்பு தொடங்கும்போது அறிவிப்பாளர் தேதியைச் சொல்வார், பல நேரம் இந்திய அரசின் தேசியக் காலண்டரான சக ஆண்டுக் கணக்கிலும் சொல்வார். சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. (சக ஆண்டின் கடைசி இரண்டு மூன்று மாதங்களுக்கு மட்டும் 79.) சக 1945 கார்த்திகை 23 என்று கேட்டால் அது 2023 நவம்பர் 14. இந்தக் கார்த்திகை நம் தமிழ்க் கார்த்திகை அல்ல, கவனம். அன்றைக்கு நம் வீட்டுக் காலண்டரில் ஐப்பசிதான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தது நிகழ்ச்சி அட்டவணை. எக்செல்லில் நிலையம், கிழமை, தொடக்கம், முடிவு, நிகழ்ச்சிப் பெயர் என்று ஐந்து பத்தி போடுங்கள். அதோடு ‘எந்த நாள் முதல்’, ‘எந்த நாள் வரை’ என்று மேலும் இரண்டு பத்தி. கடைசி இரண்டையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நிகழ்ச்சி நேரங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இன்றைய அட்டவணையை ஐந்து வருடத்துக்கு முந்தைய பதிவுக்கும் மாட்டினால் அழகான, முழுக்கப் பொய்யான பெயர்கள் கிடைக்கும். உங்கள் மாமனாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தினமும் கேட்கிறவருக்கு எந்த நிகழ்ச்சி எப்போது நேரம் மாறியது என்பது நினைவிருக்கும். அந்த அட்டவணையை நிரப்ப அவரைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

இனி பெயர் மாற்றம். தேதியும் நேரமும் மட்டும் போதுமென்றால் விண்டோஸில் ‘பல்க் ரீநேம் யுடிலிட்டி’ என்ற மென்பொருள் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு இலவசம். மாடிஃபைடு தேதியைப் பெயரின் முன்னால் ஒட்டிவிடும். ஆனால் நீளத்தைக் கழிக்காது, அட்டவணையையும் பார்க்காது. இரண்டும் வேண்டுமென்றால் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் சிறிய நிரல் (புரோகிராம்) ஒன்று எழுத வேண்டும். பைத்தான் தெரிந்த கல்லூரிப் பிள்ளை வீட்டிலோ தெருவிலோ இருந்தால் பெரிய வேலையில்லை. அந்தப் பிள்ளையிடம் இதைக் காட்டுங்கள்: ‘எஃப்எஃப்புரோப்’ கருவியால் நீளத்தை எடு, முடிந்த நேரத்திலிருந்து கழி. அட்டவணையில் அந்த இடைவெளியோடு அதிக நேரம் ஒத்துப்போகும் நிகழ்ச்சி எது என்று பார். பதிவில் பாதியாவது அந்த நிகழ்ச்சிக்குள் விழாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுது, ஊகிக்காதே. ஒரே பெயர் இரண்டு கோப்புக்கு வந்தால் இரண்டாவதில் _2 என்று சேர், ஒன்றின் மேல் ஒன்றை எழுதாதே. பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் ஒரு பட்டியலில் குறித்து வை.

அந்தப் பட்டியல்தான் உங்கள் பாதுகாப்பு. பெயர் மாற்றம் பிசகினால் அதை வைத்துப் பழையபடி ஆக்கிவிடலாம். முதல் ஓட்டத்தில் எதையும் மாற்றாமல் ‘இப்படி மாற்றப் போகிறேன்’ என்று பட்டியலை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அதில் சிலவற்றை மாமனாரைக் கேட்டுப் பார்க்கச் சொல்லி, சரியாக இருந்தால் நிஜ ஓட்டம். எல்லாமே நகலில் நடக்கட்டும். பென்டிரைவில் இருப்பதைத் தொட வேண்டாம்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா, அக்கா? தமிழ் வைத்தால் கெட்டுப்போகும் என்று கடைக்காரர் சொல்கிறார். வைத்தாலும் சில கோப்புகள் தேடினால் கிடைப்பதில்லை.
– கல்லூரி மாணவி, மதுரை

தாராளமாக வைக்கலாம், வைக்க வேண்டும் என்றே சொல்வேன். ‘நாட்டுப்புறப் பாடல்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள், தேடும்போது எதுவும் சிக்காது. ஆனால் நீங்கள் சொல்லும் தேடல் கோளாறு நிஜமானது. காரணம் கொம்பும் காலும்.

‘தொகுப்பு’ என்ற சொல்லின் முதல் எழுத்தை, கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். த என்ற எழுத்தோடு ‘ொ’ என்ற ஒரே குறி சேர்வது ஒரு விதம். த, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாக நிற்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கம்ப்யூட்டருக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். பழைய ஆப்பிள் கம்ப்யூட்டர்கள் கோப்புப் பெயர்களைத் துண்டாக்கியே சேமித்தன. 2017இல் புதிய கோப்பு முறை வந்தபின் அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனால் பழைய மேக்கிலிருந்து வந்த கோப்புகளில் துண்டான பெயர்கள் இன்னும் இருக்கின்றன. ஒ, ஓ, ஔ வரிசை எழுத்து உள்ள பெயர்கள் மட்டும் தேடலில் கிடைக்காமல் மற்றவை கிடைத்தால், இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லலாம். பெயர் மாற்றும் நிரலில் ‘என்எஃப்சி’ முறைக்கு ஒழுங்குபடுத்து என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாம் ஒட்டிய வடிவுக்கு வந்துவிடும். பைத்தானில் அதற்கான வசதி கூடவே வருகிறது.

நீளமும் கவனம். ஆண்ட்ராய்டு, லினக்ஸ் இரண்டிலும் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் எழுத்து, கொம்பு, கால், புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘நிகழ்ச்சி’ என்று நாம் ஐந்தெழுத்தாக எண்ணுவது அங்கே 27 பைட். ஆக மொத்தம் ஏறக்குறைய ஐம்பது தமிழெழுத்துதான் இடம். விண்டோஸில் இருந்த நீண்ட தமிழ்ப் பெயர் போனுக்குப் போகும்போது பிழை காட்டுவது இதனால்தான். உங்கள் கடைக்காரர் பார்த்த கோளாறும் இதுவாக இருக்கலாம். நாடகத்தின் தலைப்பு, நடித்தவர்கள், எழுதியவர் எல்லாவற்றையும் பெயரில் திணிக்காமல் கோப்பின் உள்ளே விவரம் எழுதுவதற்கென்றே இருக்கும் டேக் என்ற இடத்தில் எழுதுங்கள். ‘எம்பி3டேக்’ மென்பொருள் பெயரிலிருந்து டேகையும் டேகிலிருந்து பெயரையும் மொத்தமாக உருவாக்கித் தரும். அதைத் தொடங்கும் முன் அமைப்பில் ‘மாடிஃபைடு நேரத்தை மாற்றாதே’ என்ற தேர்வை டிக் செய்துவிடுங்கள். இல்லையென்றால் டேக் எழுதிய நேரம் பழைய நேரத்தை அழித்துவிடும், முதல் பதிலில் சொன்ன கழித்தலுக்கு ஆதாரமே இருக்காது.

அகரவரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூனிகோட் எண்வரிசையில் ந-வை அடுத்து ன வரும், ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ நுழையும், புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போகும். நம் அகராதியில் ‘பக்தி’ முன்னும் ‘பகல்’ பின்னும் வரும், பல கருவிகளில் அது தலைகீழாகிவிடும். பெயர் தேதியில் தொடங்கினால் இந்தத் தொல்லை நம்மைத் தொடாது.

டொராண்டோவில் இருந்துகொண்டு சென்னை, திருச்சி நிலையங்களை இணையம் வழியாகப் பதிவு செய்கிறேன். கம்ப்யூட்டர் தானாகப் பெயர் வைக்கிறது. ஆனால் தேதிகள் குழம்புகின்றன. வருடத்தில் இருமுறை நிகழ்ச்சியே தவறிவிடுகிறது. என்னிடம் 1990களின் இலங்கை வானொலிப் பதிவுகளும் உண்டு.
– யாழ்ப்பாணத்து வாசகர், டொராண்டோ

ஐயா, தமிழ்நாட்டில் காலை 7:15 என்பது உங்கள் ஊரில் முந்தின நாள் இரவு. கோடையில் 9:45, குளிர்காலத்தில் 8:45. எனவே உங்கள் கம்ப்யூட்டர் வைக்கும் பெயரில் மணி மட்டுமல்ல, நாளே ஒன்று பின்தங்கிவிடுகிறது. மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறும் நவம்பரின் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறுகிறது, இங்கே மாறுவதில்லை. உங்களுக்கு நிகழ்ச்சி தவறுவது அந்த நாள்களுக்குப் பின்தான். நவம்பர் மாற்றத்தன்று இரவு 1 மணி முதல் 2 மணி வரை இரண்டு தடவை வருவதால் முதல் தடவையின் கோப்பு மேல் இரண்டாவது எழுதப்பட்டு அழிந்துபோகவும் கூடும்.

வழி: பதிவு செய்யும் கம்ப்யூட்டரின் நேரமண்டலத்தை ‘ஏசியா/கொல்கத்தா’ என்று வைத்துவிடுங்கள். சுவரில் உள்ள கடிகாரம் உங்கள் ஊர் நேரத்தைக் காட்டட்டும், பதிவு செய்யும் பெட்டி நிலையத்தின் நேரத்தில் வாழட்டும். என் கொள்கை இது: பெயரில் வரும் நேரம் ஒலிபரப்பிய நிலையத்தின் நேரம், கேட்டவரின் நேரம் அல்ல. நாளைக்குச் சிங்கப்பூரிலோ பாரிசிலோ இருக்கிற இன்னொருவர் அதே நிகழ்ச்சியைப் பதிந்திருந்தால் இரண்டு கோப்பும் ஒரே பெயரில் சந்திக்கும்.

இலங்கைப் பதிவுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றில் ஒரு கண்ணி இருக்கிறது. இலங்கை 1996 மே 25இல் தன் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, உலக நேரத்துக்கு ஆறரை மணி முன்னால் நின்றது. அதே ஆண்டு அக்டோபர் 26இல் அரை மணி குறைத்து ஆறு மணி வித்தியாசத்துக்கு வந்தது. 2006 ஏப்ரல் 15இல்தான் மறுபடி இந்திய நேரத்தோடு ஒன்றானது. ஆகவே 2001இல் கொழும்பு காலை 7 மணி என்றால் இராமேசுவரத்தில் 6:30. இந்தக் கரையில் பதிந்தவர் கேசட்டில் 6:30 என்றும், அந்தக் கரையில் பதிந்தவர் 7:00 என்றும் எழுதியிருப்பார், இரண்டும் ஒரே ஒலிபரப்பு. லண்டனிலிருந்து வந்த பிபிசி தமிழோசைக்கும் இதே கதை. கிரீன்விச் 15:45க்கு வந்த ஒலிபரப்பு சென்னையில் இரவு 9:15. அந்தப் பத்தாண்டுகளில் யாழ்ப்பாணத்தில் கொழும்பு நேரப்படி கடிகாரம் வைத்தவருக்கு 9:45. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் நின்றுவிட்டது. உங்களிடம் அது ஒரு துண்டு இருந்தாலும் சரியான தேதியோடு காப்பாற்றுங்கள்.

இந்த மாற்றங்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உலக நேரமண்டலத் தரவுத்தளத்தில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. நிரலில் ‘ஏசியா/கொழும்பு’ என்று குறித்தால் அந்தந்த ஆண்டுக்கு உரிய வித்தியாசத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். ‘ஐந்தரை மணியைக் கூட்டு’ என்று நேரடியாக எழுதிய நிரல்தான் இங்கே வழுக்கி விழும்.

ஃபோல்டர்களை நிகழ்ச்சி வாரியாகப் பிரிக்கலாமா, தேதி வாரியாகவா?
– வாசகர், காரைக்கால்

நிலையம், அதற்குள் ஆண்டு, அதற்குள் மாதம். அவ்வளவே. நிகழ்ச்சி வாரியாகப் பிரித்தால் ஊகம் தவறும்போதெல்லாம் கோப்பை இடம் மாற்ற வேண்டியிருக்கும். ‘எல்லா நாடகமும் ஒன்றாக வேண்டும்’ என்றால் நாடகங்களின் பிளேலிஸ்ட் ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள், விஎல்சி அதை ஓட்டும். கோப்பு தன் இடத்திலேயே இருக்கும், ஒரே கோப்பு பத்துப் பிளேலிஸ்டில் வரலாம்.

கிரிக்கெட் வர்ணனை, சிறப்பு உரை என்று நிகழ்ச்சி தள்ளிப்போகிற நாளில் தானியங்கிப் பெயர் தவறாகிறது. ஒலியைக் கேட்டே நிகழ்ச்சியைக் கண்டுபிடிக்கும் வழி இல்லையா?
– வாசகர், நாகர்கோவில்

முன்கூட்டியே தெரிந்த விலகல்களை முதலில் அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். ஆகஸ்ட் 14, ஜனவரி 25 இரண்டு மாலையும் குடியரசுத் தலைவர் உரை வரும். பிரதமரின் ‘மனதின் குரல்’ 2014 அக்டோபர் 3இல் தொடங்கியது, மாதத்தின் கடைசி ஞாயிறு காலை 11 மணிக்கு வருவது. 2019, 2024 தேர்தல் காலங்களில் சில மாதம் வரவில்லை. ‘கடைசி ஞாயிறு’, ‘இரண்டாம் சனி’ போன்ற கணக்குகளை வெறும் கிழமைப் பத்தி பிடிக்காது, ‘மாதத்தில் எத்தனையாவது’ என்று ஒரு பத்தி கூடுதலாக வேண்டும். தலைவர்கள் மறைந்த நாள்களில் வழக்கமான நிகழ்ச்சிகள் நின்று சோக இசை வரும். அந்தத் தேதிகளை ‘அட்டவணை பொருந்தாது’ என்று குறித்து வைத்தால் நிரல் அங்கே ஊகிக்காமல் நின்றுகொள்ளும்.

அடுத்து ஒலியைக் கேட்டுக் கண்டுபிடிப்பது. இதில் நன்றாக வேலை செய்வது முகப்பு இசைதான். ஒரு நிகழ்ச்சியின் முகப்பு இசை ஆண்டுக்கணக்கில் அதே ஒலிப்பதிவாகவே ஒலிக்கும். அந்தப் பத்து விநாடியை வெட்டி எடுத்துக் கொடுத்தால், ஒரு மணி நேரப் பதிவில் அது எந்த விநாடியில் வருகிறது என்று ஒலிகளை ஒப்பிட்டுத் தேடும் நிரல்கள் கண்டுபிடித்துவிடும். மீடியம் வேவின் இரைச்சலையும் இந்த முறை ஓரளவு தாங்கும். வால்டர் காஃப்மன் இசையமைத்ததாகச் சொல்லப்படும் ஆகாசவாணியின் அந்தப் புகழ்பெற்ற முகப்பு இசை ஒலிபரப்பு தொடங்கும்போது வருவது. அதைப் பிடித்தால் அன்றைய முதல் கோப்பின் கடிகாரம் சரியா என்றும் பார்த்துவிடலாம்.

‘மௌனம் வந்தால் வெட்டு’ என்கிற எளிய முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வீணைக் கச்சேரியில் ஆலாபனைக்கு நடுவே வரும் மௌனத்திலும் அது வெட்டும்.

பேச்சை எழுத்தாக்கும் ‘விஸ்பர்’ 2022இல் வெளிவந்தது. தமிழும் புரியும், சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். முழுப் பதிவையும் கொடுக்காமல் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் கொடுங்கள். ‘அடுத்து நீங்கள் கேட்கவிருப்பது’ என்று அறிவிப்பாளர் சொல்லும் வாக்கியம் கிடைத்தால் போதும். அது தருகிற பெயர்களைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டாம். கலைஞர்களின் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் சிதைத்துவிடும். தவிலும் நாதஸ்வரமும் வாசித்தவர்களின் பெயர் அந்த ஓர் அறிவிப்பில் மட்டும்தான் இருக்கிறது. அதைக் காதால் கேட்டு, கையால் எழுதுவதையே நான் இன்றும் செய்கிறேன்.

பதிவு அறிவிப்பிலிருந்து தொடங்க வேண்டுமானால் நிகழ்ச்சி நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே தொடங்கி ஐந்து நிமிடம் பின்னால் நிறுத்துங்கள். இணைய ஒலி, காற்றில் வரும் ஒலியைவிடப் பின்தங்கியே வரும். ‘எஃப்எஃப்எம்பெக்’ என்ற மென்பொருள் கொண்டு பதிவு செய்கிறவர்கள் கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் பிறக்கும்போதே விழும்படி அமைத்துவிடலாம், மணிக்கொரு கோப்பாக வெட்டவும் சொல்லலாம். இனிவரும் பதிவுகளுக்கு அந்த வசதி இருந்தால் கழித்தல் கணக்கே தேவைப்படாது.

அப்பா 1980களில் பதிந்த கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறோம். பாதிக்குத் தேதியே இல்லை. பெயர் எப்படி வைப்பது?
– சகோதரிகள் இருவர், கோயம்புத்தூர்

கேசட்டின் மேல் பென்சிலால் எண் எழுதுங்கள். கோப்பின் பெயரில் அந்த எண்ணும் அ பக்கமா ஆ பக்கமா என்பதும் கட்டாயம் இருக்கட்டும். தேதி தெரிந்தவரை மட்டும் எழுதுங்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் 1987-00-00. பூஜ்யங்கள் ‘தெரியாது’ என்று நேர்மையாகச் சொல்லும், அடுக்கும்போது அந்த ஆண்டின் தலைப்பில் நிற்கும். ஒரு தேதியை உத்தேசமாக எழுதிவிட்டால் பிறகு யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். அட்டையில் அப்பா எழுதியதை அப்படியே ஒரு புகைப்படம் எடுத்து, ஒலிக்கோப்பின் அதே பெயரில் பக்கத்தில் வையுங்கள்.

தேதி கண்டுபிடிக்க நிகழ்ச்சியைவிட அதன் ஓரங்கள் உதவும். பாட்டு முடிந்ததும் நிறுத்த மறந்து பதிவான செய்தி, விளம்பரம், தேர்வு அறிவிப்பு, புயல் எச்சரிக்கை, இவற்றை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அகில இந்திய வானொலி முன்பு ‘வானொலி’ என்ற தமிழ் இதழில் நிகழ்ச்சி நிரலை அச்சிட்டு வந்தது. நாளிதழ்களும் அன்றைய நிகழ்ச்சிகளை வெளியிட்டன. பெரிய நூலகங்களில் பழைய தொகுப்பு கிடைத்தால் கலைஞர் பெயரை வைத்து நாளைப் பிடித்துவிடலாம். மாற்றும்போது முதலில் ஒலியைச் சுருக்காத வேவ் வடிவில் பதிந்து வைத்துக்கொண்டு, கேட்பதற்கு எம்பி3 நகல் எடுங்கள்.

இவற்றை யூடியூபில் போடலாமா?
– வாசகர், வேலூர்

உங்கள் சொந்த உபயோகத்துக்காகவோ, உண்மையான ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் மட்டுமாகவோ ஒலிபரப்பைப் பதிவு செய்வதை இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957இன் 39ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பொதுவில் வெளியிடுவது வேறு. ஒலிபரப்பு நிறுவனத்துக்கு அதன் ஒலிபரப்பின் மேல் 25 ஆண்டு உரிமை உண்டு என்கிறது 37ஆம் பிரிவு. அந்த ஆண்டுகள் கழிந்தாலும் உள்ளே இருக்கும் பாட்டுக்கும் நாடகத்துக்கும் தனி உரிமை தொடரும். போட வேண்டாம்.

நாள் முழுக்கப் பதிந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும், அக்கா?
– வாசகர், பட்டுக்கோட்டை

64 கிலோபிட் எம்பி3 என்றால் மணிக்கு ஏறக்குறைய 29 எம்பி, 24 மணி நேரத்துக்கு 700 எம்பிக்குச் சற்றுக் குறைவு. ஆண்டு முழுக்கப் பதிந்தால் 250 ஜிபி சுமார். பேச்சுக்கும் மீடியம் வேவுக்கும் இந்தத் தரம் போதும். எஃப்எம்மில் கச்சேரி பதிகிறீர்கள் என்றால் 128 வையுங்கள், இடம் இரட்டிப்பாகும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி இரண்டிலும் ஒரே மாதிரி வைத்து, ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். நிகழ்ச்சி அட்டவணையையும் பெயர் மாற்றப் பட்டியலையும் இரண்டு டிஸ்கிலும் சேர்த்து நகலெடுக்க மறக்க வேண்டாம்.